தங்கை மகன் கேட்ட கேள்வி

தஞ்சாவூரில் பிறந்து, தஞ்சாவூரிலேயே வாழ்க்கைப்பட்டவள் நான். ஊர் என்றாலே ஆறு, வாய்க்கால், நெல்வயல் என்றுதான் எனக்கு நினைப்பு. என் தங்கையைப் பெரம்பலூர் பக்கத்துக் கிராமத்தில் கொடுத்தபோது, "தண்ணியில்லாக் காட்டுல கொண்டு போயித் தள்ளுறமே" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தத் தண்ணியில்லாக் காட்டில் ஒரு காலத்தில் கடலே இருந்தது என்ற சங்கதி, எனக்கு நாற்பத்தைந்து வயதான பிறகு, மூன்றாம் வகுப்புப் படிக்கிற தங்கை மகன் மூலமாகத்தான் தெரிய வந்தது.

2024ஆம் வருஷம் மாசி மாதம். தங்கையின் சின்னப் பெண்ணுக்குச் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் காது குத்து வைத்திருந்தார்கள். விசேஷ நாட்களை விட்டால் வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டே நாள் திறக்கிற கோயில் அது. திங்கட்கிழமை காது குத்து. நான் வியாழக்கிழமையே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். "நாலு நாள் முன்னாடி போயி என்ன பண்ணப் போறே?" என்று என்னவருக்கு ஆச்சரியம். தங்கை போனில் அழுத விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை.

"அக்கா, பெரியவனை இந்தப் பள்ளிக்கூடத்திலேர்ந்து எடுத்துடலாம்னு இருக்கேன். மூணாவது படிக்கிறான், நோட்டைப் பார்த்தா பாதி காலியாக் கெடக்கு. வீட்டுக்கு வந்தா ஓயாம கேள்வி. டவுன்ல ஒரு இங்கிலீஷ் மீடியத்துல இடம் இருக்குதாம். திங்கட்கிழமைக்குள்ள பணம் கட்டணும். நகையை வெச்சாத்தான் முடியும். நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ" என்றிருந்தாள்.

திருவையாறு தாண்டி, கொள்ளிடம் பாலம் ஏறி இறங்கினால் திருமானூர். அந்தப் பக்கத்தில்தான் கரைவெட்டி ஏரி. அந்த ஏரிப் பறவைகள் சரணாலயத்தை அந்த வருஷம் ஜனவரியில்தான் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அதுவரை கூடவே வந்த பச்சை, கீழப்பழுவூர் தாண்டியதும் குறைந்துவிடுகிறது. அரியலூரை நெருங்க நெருங்க சிமெண்ட் ஆலைப் புகைபோக்கிகள், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள், ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வருகிற தூசு. அரியலூரில் பஸ் மாறிப் பெரம்பலூர்ப் பக்கம் போனால் கரிசல் பூமி. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். எல்லாமே ஒரு காலத்தில் திருச்சி ஜில்லாதான். 1995இல் பெரம்பலூரைத் தனி மாவட்டமாக்கினார்கள். 2001இல் பிரித்து, மறு வருஷமே திரும்பச் சேர்த்த அரியலூர், 2007இல் மறுபடி தனி மாவட்டம் ஆயிற்று.

சாயந்திரம் நான் போய்ச் சேர்ந்து காபித் தம்ளரைக் கீழே வைப்பதற்குள் பையன் வந்துவிட்டான். "பெரியம்மா, ஒண்ணு காட்டுறேன் வாங்க" என்று சாமி மாடத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கல். ஆட்டுக்கடாவின் கொம்பு சுருண்ட மாதிரி சுருள், அதன் மேல் வரி வரியாக மேடு. மேலே சந்தனம், குங்குமம்.

"வெங்காயக் காட்டு வரப்புல கெடந்துச்சு. அப்பாயி சாளக்கிராமம்னு சொல்லி மாடத்துல வெச்சிடுச்சு. இது கடல்ல இருந்த உயிர்னு டீச்சர் சொன்னாங்க. கடல் இல்லாத ஊருக்கு இது எப்படி வந்துச்சு பெரியம்மா?"

எனக்கு என்ன தெரியும்? பத்தாவதோடு நின்றவள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "யாராவது ராமேஸ்வரம் போயிட்டு வந்து போட்டிருப்பாங்கடா" என்று சொல்லிவிட்டேன்.

"நீங்க பார்த்தீங்களா?" என்றான்.

"பெரியவங்ககிட்ட இப்படியாடா பேசுறது?" என்று தங்கை முதுகில் ஒன்று வைத்தாள். அவன் அழவில்லை. கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான். "பார்த்தியாக்கா? இதைத்தான் சொன்னேன்" என்றாள் தங்கை. அவள் மாமியாரும் சேர்ந்துகொண்டார். "எழுதுறதும் இல்ல, ஒப்பிக்கிறதும் இல்ல. எலையும் கொட்டையும் பொறுக்கிக்கிட்டு வர்றான். இதுக்குப் பேரு பள்ளிக்கூடமா?"

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அடி என் முதுகில் விழுந்த மாதிரி இருந்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. டி.சி. விஷயமாகப் பேசிவிட்டு வரலாம் என்று தங்கை கிளம்ப, நானும் கூடப் போனேன். வேப்பமரத்தடியில் சின்னப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் தரையில் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை, கொடியில் தொங்குகிற படங்கள், ஒரு மூலையில் கதைப் புத்தகங்கள். இன்னொரு மூலையில் பழைய பலகைத் தட்டு. அதில் புளியங்கொட்டை, பருத்திக் காய், கூழாங்கல், குருவிக் கூடு. ஒவ்வொன்றின் கீழும் பிள்ளைகள் கையெழுத்தில் ஒரு சீட்டு. சத்தத்துக்குக் குறைவில்லை. நாங்கள் படித்தபோது இப்படிச் சத்தம் போட்டிருந்தால் பிரம்பு பேசியிருக்கும்.

டீச்சருக்கு என் வயதுதான் இருக்கும். சாப்பாட்டு மணி அடித்ததும் எங்களிடம் வந்து உட்கார்ந்தார். தங்கை மனக்குறையை எல்லாம் கொட்டினாள். அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்று இருந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பையனைச் சோதித்துப் பார்த்து, வாசிப்பில் 'மொட்டு' என்று போட்டுவிட்டார்கள். அதாவது இரண்டாம் வகுப்பு நிலை. "மூணாவது படிக்கிற பிள்ளையை ரெண்டாவதுன்னு சொன்னா மனசு கேக்குமா டீச்சர்?"

டீச்சர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "உங்க பையன் ஒண்ணாவது சேர்ந்தது எப்பம்மா? 2021. அப்ப பள்ளிக்கூடமே பூட்டிக் கெடந்துச்சு. கொரோனாவுக்கு மூடினது, சின்னக் கிளாஸ் பிள்ளைங்களுக்கு நவம்பர்லதான் திறந்தாங்க. கால் கிணறு தாண்டாம ரெண்டாவது வந்துட்டான். அவன் எங்க நிக்கிறானோ அங்கேர்ந்துதானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்?" என்றார்.

அப்புறம் அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இப்படிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட்டுத் தவிக்கிற அம்மாக்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

நம் அரசுப் பள்ளிகளுக்கு இந்த முறை நேற்று வந்தது இல்லை. ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளிக்கூடத்தார் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உண்டாக்கிய அட்டை முறையைப் பார்த்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் 'செயல்வழிக் கற்றல்' என்று தொடங்கினார்கள். 2007-08இல் அது மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போயிற்று. பிள்ளைக்கு எட்டுகிற கரும்பலகை அந்தக் காலத்துச் சொத்துதான். அதற்கும் முன்னால், 1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் நெதர்லாந்திலிருந்து சென்னை அடையாறுக்கு வந்து, யுத்தத்தினால் திரும்பிப் போக முடியாமல் 1946 வரை நம் நாட்டிலேயே இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். பிள்ளை கையால் தொட்டுத் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்னதும். கொரோனாவில் விட்டுப்போனதைச் சரிக்கட்ட 2022 ஜூன் மாதம் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கினார்கள். முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புக்கு, மறு வருஷம் நான்கு, ஐந்துக்கும். எட்டு வயதுக்குள் பிள்ளை தடுமாறாமல் வாசிக்கணும், எழுதணும், சாதாரணக் கணக்குப் போடணும் என்பது குறிக்கோள். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. பிள்ளை தேறத் தேற அடுத்த நிலைக்கு மாறும்.

"ஒரு வருஷத்துல நாங்க என்ன எதிர்பார்க்கலாம், அதைச் சொல்லுங்க" என்று நான் கேட்டேன். டீச்சர் விரலை மடக்கிச் சொன்னார்.

முதல் பருவம், ஜூன் முதல் செப்டம்பர் வரை. பாட்டு, கதை, விளையாட்டு என்றே போகும். பிள்ளை எங்கே நிற்கிறது என்று டீச்சர் தெரிந்துகொள்ளும் காலம் அது. நோட்டு காலியாகத்தான் இருக்கும். பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால்தான் வேலை தெரியும். அம்மாக்கள் பயந்துபோய் டி.சி. கேட்பதும் பெரும்பாலும் இதில்தானாம்.

இரண்டாம் பருவம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வீட்டுக்குப் பொருள்கள் வரும், வீட்டிலிருந்து பொருள்கள் போகும். விதை, இலை, காலிப் பெட்டி, கயிறு. "உங்க வீட்டுப் படியும் கரண்டியும் காணாமப் போனா என் கிளாஸ்ல தேடுங்க" என்றார். கேள்வி கேட்பதும் இப்போதுதான் பெருகும். "ஏன்?" என்று கேட்கிற பிள்ளை, கொஞ்ச நாளில் "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கும். நம் காதுக்கு அது எதிர்த்துப் பேசுவது போலத்தான் படும். முதல் நாள் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது அதுதான்!

மூன்றாம் பருவம், ஜனவரி முதல் ஏப்ரல் வரை. தான் பார்த்ததை, செய்ததை நாலு பேர் முன்னால் சொல்ல வரும். அதையே இரண்டு மூன்று வரி சொந்தமாக எழுத வரும். பிழை இருக்கும், எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஆனாலும் அது கரும்பலகையைப் பார்த்து எழுதினது இல்லை, அவனுடைய சொந்த வரி. "உங்க பையன் தைப்பொங்கலுக்கு அப்புறம் மலருக்கு வந்துட்டாம்மா, வீட்டுல சொல்லலையா?" என்றார் டீச்சர். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அவன் சொல்லியிருக்கிறான். 'ரேங்க் என்ன?' என்று கேட்டு இவள்தான் வாயை அடைத்திருக்கிறாள்.

எதை எதிர்பார்க்கக் கூடாது என்றும் அவரே சொன்னார். ரேங்க் கிடையாது. பக்கம் பக்கமாக வீட்டுப்பாடம் கிடையாது. "வாய்ப்பாடும் கையெழுத்தும் பழக்கத்துல வர்றது. இங்க ஒருத்தியே மூணு வகுப்பைப் பார்க்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் எந்த நிலையில இருக்குன்னு செல்போன்ல வேற பதியணும். அதனால வீட்டுல தினம் பத்து நிமிஷம் நீங்க உட்காரணும். கேள்விக்கெல்லாம் எனக்கும் பதில் தெரியாது. அந்தக் கல்லை எடுத்துட்டு வந்தப்ப, கடல் உயிர்னு மட்டும் சொன்னேன். எப்படி வந்துச்சுன்னு நீ போய்ப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லுடான்னு அனுப்பிட்டேன்."

எட்டு வயசுப் பிள்ளை எங்கே போய்ப் பார்க்கும்? கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும். அதைத்தான் அவன் ஒரு மாதமாக வீட்டில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

தங்கை வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். காது குத்துக்காக லீவு போட்டிருந்தார். "இங்கதானே இருக்கு, போயிட்டு வந்துடலாம்க்கா" என்று சனிக்கிழமை காலையில் சிநேகிதரின் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். மாமியாரம்மா உட்பட எல்லோரும் ஏறிக்கொண்டோம். புளிச்சோறு, துவையல், இரண்டு குடம் தண்ணீர்.

முதலில் சாத்தனூர். ஆலத்தூர் வட்டத்துச் சின்னக் கிராமம். ஓடைப் பக்கத்தில் வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு மரம் விழுந்து கிடக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் மரமில்லை, கல். 18 மீட்டருக்கு மேல் நீளம். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.எஸ்.கிருஷ்ணன் இதைக் கண்டு எழுதியிருக்கிறார். தேசியப் புவியியல் சின்னங்களில் ஒன்று. சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தையது என்கிறார்கள். பூக்கிற மரங்கள் பூமியில் பெருகுவதற்கு முன்னால் இருந்த, பூக்காத ஊசியிலை மர ஜாதியாம்.

மரம் எப்படிக் கல்லாகும்? விழுந்த மரம் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்க் கடலோரத்து மணலில், சேற்றில் புதைந்துவிட்டது. காற்றுப் படாததால் மக்கவில்லை. மண்ணுக்குள் ஊறுகிற தண்ணீரில் மணல் சத்து கரைந்திருக்கும். அந்தத் தண்ணீர் மரத்துக்குள் போய்ப் போய், மர நார் இருந்த இடத்திலெல்லாம் அந்தச் சத்து உட்கார்ந்துவிட்டது. எலுமிச்சங்காய் ஊறுகாய் போடுகிறோமே, உப்பு உள்ளே இறங்க இறங்கத் தோல் வேறாக மாறவில்லையா? அது பத்து நாளில் நடக்கிறது, இது எத்தனையோ ஆயிரம் வருஷம்.

பையன் வேலிக்கு வெளியே மரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அடி மேல் அடி வைத்து எண்ணினான். 43 வந்தது. "அப்பாயி, உன் முழத்துக்கு எத்தனை வரும்?" என்றான். காலமெல்லாம் பூவை முழம் போட்டே வாங்கியவராச்சே, மாமியாரம்மா கையை நீட்டி யோசித்தார். ஒரு முழம் ஒன்றரை அடி, அதாவது அரை மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. பையன் தரையில் குச்சியால் கிறுக்கினான். "நாப்பது முழத்துக்குக் கொஞ்சம் கம்மி" என்றான். பெருக்கலும் வகுத்தலும் அப்படி அவன் கையில் வந்ததைப் பார்த்துத் தங்கை என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அங்கேயிருந்து காரை. குளக்கானத்தம் பக்கம். மரம் மட்டையில்லாமல், மழை வாய்க்கால் வாய்க்காலாக அறுத்த பள்ளங்கள். சாம்பலும் மஞ்சளும் காவியுமாக மண். நடுவில் வெயில் பட்டுக் கண்ணாடித் துண்டு போல ஜிப்சம் மின்னுகிறது. கீழே குனிந்து பார்த்தால் சிப்பி உடைசல், பென்சில் முனை மாதிரிக் கூரான சின்னக் கல். கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தமான பெலம்னைட் என்ற உயிரினத்தின் ஓடாம் அது. பையன் எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தான். "டீச்சர் எடுத்துட்டு வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. எங்க கெடக்குதுங்கிறதும் ஒரு சேதியாம். எடுத்துட்டா சேதி போயிடுமாம்" என்றான். போகிறவர்கள் இதை மனசில் வையுங்கள். ஆளுக்கு ஒன்று எடுத்தால் நம் பேரப்பிள்ளைகளுக்கு வெறும் மண்தான் மிஞ்சும்.

திரும்பும்போது தங்கை வீட்டுக்காரர் ஒரு கதை சொன்னார். 2020இல் குன்னம் பக்கம் மண் வெட்டியபோது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வந்தனவாம். டைனோசர் முட்டை என்று செல்போனில் பரவி, ஊரே திரண்டதாம். "நானும் லாரியை ஓரமா விட்டுட்டுப் போய்ப் பார்த்தேன். முட்டைன்னுதான் நம்பினேன். அப்புறம் நிபுணருங்க வந்து பார்த்துட்டு, முட்டையில்ல, இந்தச் சுருள் ஓட்டைச் சுத்திக் கடல் மண்ணு உருண்டு இறுகினதுன்னு சொல்லிட்டாங்க."

"யாராவது உடைச்சுப் பார்த்தாங்களாப்பா? உள்ள என்ன இருந்துச்சு?" என்றான் பையன். இந்தத் தடவை யாரும் அவனை அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அரியலூரை அடுத்த வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் பையன் ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுவிட்டான். அவன் கல்லின் அண்ணன் தம்பிகள் வரிசையாக இருந்தன. சிலது சின்னது, சிலது சோற்றுத் தட்டு அகலம். பெயர் அம்மோனைட். கணவாய், ஆக்டோபஸ் இனம். சுருள் ஓட்டுக்குள் இருந்துகொண்டு கடலில் நீந்தியது. சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னால், டைனோசர்கள் அழிந்தபோது இதுவும் பூண்டோடு போயிற்று. அந்தக் காலத்தில் கடல் இந்த ஊர்வரை ஏறி வந்து, பின்வாங்கி, மறுபடி ஏறியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மண்ணும் ஓடுமாக அடுக்கு அடுக்காக விட்டுப் போயிருக்கிறது. 1862இலேயே பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் இந்தப் பிரதேசத்தை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அவருக்குப் பின் ஸ்டோலிக்ஸ்கா என்பவர் இங்கே கிடைத்த சிப்பி, சங்கு இனங்களை எல்லாம் படம் போட்டுப் புத்தகங்களாகக் கொண்டுவந்தார். எங்கிருந்தோ வந்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி, பக்கத்து ஜில்லாக்காரியான எனக்குத் தெரியவில்லை.

சுண்ணாம்புக்கல் வைத்திருந்த இடத்தில் தங்கை வீட்டுக்காரர் வெகுநேரம் நின்றார். கடல் உயிர்களின் ஓடும் எலும்பும் படிந்து இறுகியதுதான் சுண்ணாம்புக்கல் என்று அங்கிருந்தவர் சொல்லியிருந்தார். "அப்ப நான் இத்தனை வருஷமா ஏத்திக்கிட்டுப் போனது இதுதானா?" என்றார். "உன் கடல் எங்க போச்சுன்னு இப்பத் தெரியுதாடா? சிமெண்ட் மூட்டையில போயிட்டிருக்கு" என்று மகனிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்பாவுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று தன் பாடத்தில் வந்துவிட்டதில் பையனுக்குப் பெருமை. அன்று முழுக்க அப்பா கையை விடவில்லை.

மாமியாரம்மா மட்டும் பேசாமல் வந்தார். வேனில் ஏறும்போது, "அப்ப சாளக்கிராமம் இல்லையா அது?" என்றார் மெதுவாக. நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வருகிற சாளக்கிராமமும் இதே அம்மோனைட் வகையின் புதைபடிவம்தான் என்று தெரிந்துகொண்டு வந்திருந்தோம். இமயமலையும் ஒரு காலத்தில் கடலடி மண். பையன் அதைச் சொன்னதும் அம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பின்னே? பாற்கடல்ல படுத்திருக்கிறவரு கடல்லேர்ந்துதானே வருவாரு? நானும் சரியாத்தான் சொல்லியிருக்கேன், உங்க டீச்சரும் சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

அன்று ராத்திரி மொட்டை மாடியில் தங்கையும் நானும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அவளிடம் அதைச் சொன்னேன். என் மகளும் சின்ன வயதில் இப்படித்தான். பகலில் நிலா ஏன் தெரிகிறது, எறும்பு எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்று ஓயாமல் கேட்பாள். எனக்கு அடுப்பு வேலை. பதிலும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் மரியாதை போய்விடும் என்று பயம். "வாயை மூடிக்கிட்டு எழுதுடி" என்பேன். நாலாவது, ஐந்தாவது வரும்போது அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் சந்தோஷப்பட்டேன், பிள்ளை அடங்கிவிட்டது என்று. நல்ல மார்க்தான். இப்போது காலேஜில் படிக்கிறாள். போன வருஷம் ஒருநாள் போனில், "கிளாஸ்ல புரியலைன்னாலும் எழுந்து கேக்கப் பயமா இருக்கும்மா, வாயே வர மாட்டேங்குது" என்று அழுதாள். அந்த வாயை அடைத்தவள் நான்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

தங்கை ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்கும்தான்க்கா பதில் தெரியலை. அதுலதான் கோவம் வருது" என்றாள்.

திங்கட்கிழமை சிறுவாச்சூரில் சின்னவளுக்குக் காது குத்தியாயிற்று. மாமா மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினாள். டவுனுக்குப் போய்ப் பணம் கட்டுகிற பேச்சைத் தங்கை எடுக்கவில்லை. அவள் வீட்டுக்காரர்தான், "இந்த வருஷம் போகட்டும், பார்த்துக்கலாம்" என்றார். நகை பெட்டியிலேயே இருந்தது. மறுநாள் நான் பஸ் ஏறும்போது பையன் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தான். மாமியாரம்மா மாடத்திலிருந்து கல்லை எடுத்து, சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்து, அவன் கையில் கொடுத்தார். "எல்லாப் பிள்ளைங்களும் பார்க்கட்டும். பத்திரம்னு டீச்சர்கிட்ட சொல்லு." இப்போது அது அந்தப் பலகைத் தட்டில் இருக்கிறது. கீழே அவன் எழுதிய சீட்டு: 'இது அம்மோனைட். எங்கள் வெங்காயக் காட்டில் இருந்தது. அப்போது அங்கே கடல்.' மூன்றே வரி. பார்த்து எழுதியது இல்லை.

நாலாவதும் அவன் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படித்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இங்கிலீஷ் பற்றிய கவலை தங்கைக்கு இன்னமும் உண்டு. வாய்ப்பாட்டுக்குத் தினம் சண்டைதான்.

இந்த மாதிரிப் படிப்பில் பிள்ளையை விட்டிருக்கிற சகோதரிகளுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சாயந்திரம் வந்ததும் "என்ன எழுதினே?" என்று கேட்காமல், "இன்னிக்கு என்ன கேட்டே?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், "தெரியலை, பார்ப்போம் வா" என்று சொல்லுங்கள். மரியாதை போகாது, நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். சமையற்கட்டில் இருக்கிற படி, தராசு, முழம், விதை எல்லாம் பாடப்பொருள்தான், கேட்டால் கொடுங்கள். குறையிருந்தால் வீட்டில் புலம்பாமல் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நம் இடம் அது.

சாத்தனூர், காரை போகிறவர்கள் வெயிலுக்கு முன்னால் காலையிலேயே போய்விடுங்கள். நிழல் கிடையாது, குடிதண்ணீர் கையோடு வேண்டும். வாரணவாசி அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். முடிந்தால் கூட ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். நமக்குத் தோன்றாத கேள்வியை அது கேட்கும்.

போன தீபாவளிக்கு என் மகள் ஊருக்கு வந்திருந்தாள். இருட்டுவதற்கு முன்னாலேயே மேற்கே பிறை தெரிந்தது. "பகல்ல நிலா ஏன் தெரியுதுன்னு சின்ன வயசுல கேட்டியே, இப்பச் சொல்லேன், எனக்கும் தெரியணும்" என்றேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். அப்புறம் ஒரு எலுமிச்சம்பழத்தையும் டார்ச் லைட்டையும் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.